இரும்புச் சேமக்கலம் தந்த எடிசன்

உலகிற்கு ஒளி தந்த பேரறிஞர் தாமஸ் ஆல்வா எடிசன் என்பதை நம் பள்ளியின் சின்னஞ்சிறு மாணவரும் அறிவர். மின்விளக்கு, ஒலியைப் பதிந்து மீண்டும் ஒலிக்கச் செய்யும் பொறி, அசையும் படம் என அவர் பெயரோடு இணைத்துப் பேசப்படும் ஆக்கங்கள் பலவாகும். ஆயினும், அவர் தம் வாழ்நாளில் பத்தாண்டுக் காலத்தையும் பெரும் பொருளையும் செலவிட்டு உருவாக்கிய ஒன்றைப் பலர் அறியார். அதுவே சேமக்கலம்.

மின்னேற்றி, பயன்படுத்தி, தீர்ந்தபின் மீண்டும் மின்னேற்றிக் கொள்ளத்தக்க பேட்டரியையே நாம் சேமக்கலம் என்கிறோம். இன்று அது இல்லாத வீடு இல்லை. கைத்தொலைபேசியில் இருப்பது அது. மோட்டார் சைக்கிளில் இருப்பது அது. இருளில் வேலைக்குச் செல்வோர் நெற்றியில் கட்டிக்கொள்ளும் விளக்கிற்கு உயிர் தருவதும் அதுவே. எனினும், அவசரத்திற்கு உதவும் என்று மின்னேற்றி அலமாரியில் வைத்த கைவிளக்கு, பல திங்கள் கழித்து மழையிரவில் எடுக்கும்போது எரிவதில்லை. ஊருக்குச் சென்று திரும்பியபின் மோட்டார் சைக்கிள் உயிர்பெற மறுக்கிறது. வைத்த மின்சாரம் எங்கே போயிற்று? மீண்டும் மின்னேற்றினால் அந்தக் கலம் பிழைக்குமா, பிழைக்காதா? இவ்வினாக்களுக்கு விடை காண விரும்புவோர் எடிசனின் வாழ்க்கையைச் சற்றே திரும்பிப் பார்ப்பது நலம்.

பிறப்பும் இளமையும்

அமெரிக்க நாட்டின் ஒஹையோ மாநிலத்தில் மிலான் என்னும் சிற்றூரில், 1847ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 11ஆம் நாள் எடிசன் பிறந்தார். தந்தையார் பெயர் சாமுவேல், தாயார் நான்சி. இவர்களுக்கு ஏழாவது மகவாகவும் கடைசி மகவாகவும் பிறந்தவர் எடிசன். அவர் ஏழு வயதை எட்டிய வேளையில் குடும்பம் மிச்சிகன் மாநிலத்திலுள்ள போர்ட் ஹ்யூரன் என்னும் ஊருக்குக் குடிபெயர்ந்தது.

எடிசன் பள்ளிக்கூடம் சென்றது சில மாதங்களே. தாயார் முன்பு ஆசிரியையாகப் பணியாற்றியவர் ஆதலால், வீட்டிலேயே மகனுக்கு எழுத்தும் எண்ணும் கற்பித்தார். நூல்களின்மீது தீராத வேட்கையை அவர் உள்ளத்தில் ஊன்றியவரும் அந்த அன்னையே. சிறு வயதிலேயே எடிசனுக்குச் செவிப்புலன் குன்றியது. பிற்காலத்தில் அவர் ஏறக்குறைய முழுச் செவிடராகவே வாழ்ந்தார். அந்தக் குறை அவருடைய உழைப்பைத் தடுக்கவில்லை.

பன்னிரண்டாம் வயதில் அவர் போர்ட் ஹ்யூரனுக்கும் டெட்ராய்ட் நகருக்கும் இடையே ஓடிய இரயிலில் செய்தித்தாளும் மிட்டாயும் விற்கத் தொடங்கினார். பட்டர்வொர்த்திலிருந்து வரும் தண்டவாளமும் பாடாங் பெசாருக்குச் செல்லும் தண்டவாளமும் கூடும் ஊராகிய நம் புக்கிட் மெர்தாஜாமில் வாழும் பிள்ளைகளுக்கு, இரயில் நிலையத்தின் ஆரவாரம் புதிதன்று. அத்தகைய ஆரவாரத்தின் நடுவே, பொதிகள் ஏற்றும் பெட்டியின் ஒரு மூலையில் சிறுவன் எடிசன் சிறியதோர் ஆய்வுக்கூடத்தை அமைத்துக்கொண்டான். அதே பெட்டியில் சிறிய அச்சுப் பொறி ஒன்றை வைத்துத் தானே ஒரு செய்தித்தாளும் அச்சிட்டான்.

1862ஆம் ஆண்டில், தண்டவாளத்தில் விளையாடிக்கொண்டிருந்த ஒரு குழந்தையை, உருண்டு வந்த இரயில் பெட்டிக்கு முன்னிருந்து எடிசன் இழுத்துக் காப்பாற்றினார். அக்குழந்தை நிலைய அதிகாரியின் மகன். நன்றி மறவாத அந்த அதிகாரி, எடிசனுக்குத் தந்தி அனுப்பும் தொழிலைக் கற்றுக் கொடுத்தார். எடிசனின் வாழ்க்கைப் பாதையை மாற்றிய நிகழ்ச்சி இதுவே.

தந்தியும் மின்கலமும்

தந்தி என்பது மின்சாரத்தால் இயங்குவது. அக்காலத்தில் ஊருக்கு ஊர் மின் நிலையங்கள் இல்லை. ஆகவே தந்தி நிலையங்களில் கண்ணாடிக் குடுவைகளில் அமிலமும் உலோகத் தகடுகளும் கொண்ட மின்கலங்களை வரிசையாக அடுக்கி வைத்திருந்தனர். அவற்றைப் பேணுவதும் தந்திக்காரரின் தொழிலைச் சார்ந்ததாகவே இருந்தது. எடிசன் மின்சாரத்தை முதன்முதலில் நெருங்கி அறிந்தது இம்மின்கலங்களின் வாயிலாகத்தான்.

1867ஆம் ஆண்டில் அவர் லூயிவில் நகரில் இரவுப் பணி செய்துவந்தார். வேலை குறைந்த நேரங்களில் ஆய்வு செய்வது அவர் வழக்கம். ஓரிரவு, மின்கலத்தை வைத்து ஆய்ந்துகொண்டிருந்தபோது கந்தக அமிலம் தரையில் கொட்டிவிட்டது. பலகைகளின் இடுக்கு வழியே ஒழுகிய அமிலம் கீழ்த்தளத்தில் இருந்த மேலாளரின் மேசையைப் பாழாக்கியது. மறுநாளே எடிசன் வேலையை இழந்தார்.

அதன்பின் அவருடைய வளர்ச்சி விரைவானது. 1869இல் முதல் காப்புரிமையைப் பெற்றார். 1876இல் நியூ ஜெர்சி மாநிலத்து மென்லோ பார்க்கில் ஆய்வுக்கூடம் அமைத்தார். 1877இல் ஒலிப்பதிவுப் பொறி பிறந்தது. 1879இல் நெடுநேரம் எரியும் மின்விளக்கு ஒளிர்ந்தது. 1882ஆம் ஆண்டு செப்டம்பர் 4ஆம் நாள் நியூயார்க் நகரின் பேர்ல் தெருவில் மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. 1887இல் வெஸ்ட் ஆரஞ்சு என்னும் ஊரில் முன்னிலும் பெரிய ஆய்வுக்கூடத்தை எழுப்பினார். இவையெல்லாம் நம் பாட நூல்களில் உள்ளவை. ஆகலின் இங்கே விரித்துரைக்க வேண்டியதில்லை.

ஈயச் சேமக்கலமும் அதன் குறையும்

சேமக்கலத்தை முதலில் கண்டவர் எடிசன் அல்லர். பிரெஞ்சு நாட்டு அறிஞர் காஸ்தோன் பிளாந்தே என்பவர் 1859ஆம் ஆண்டிலேயே ஈயத் தகடுகளைக் கந்தக அமிலத்தில் அமிழ்த்தி, மீண்டும் மின்னேற்றத்தக்க முதல் கலத்தைச் செய்து காட்டினார். இன்று மோட்டார் வண்டிகளில் நாம் காணும் பேட்டரி அந்த ஈயக் கலத்தின் வழி வந்ததே.

சேமக்கலத்தின் உள்ளே மின்சாரம் தண்ணீர் போலத் தேங்கி நிற்பதில்லை. மின்னேற்றும்போது உள்ளிருக்கும் பொருள்கள் வேதியியல் மாற்றம் அடைகின்றன. விளக்கை இணைக்கும்போது அவை பழைய நிலைக்குத் திரும்புகின்றன. திரும்பும்போது மின்சாரத்தைத் தருகின்றன. விளக்கை இணைக்காமல் சும்மா வைத்திருந்தாலும் இத்திரும்புதல் மிக மெல்ல உள்ளேயே நடந்துகொண்டிருக்கும். வைத்த மின்சாரம் குறைவதற்குக் காரணம் இதுதான். எவரும் திருடுவதில்லை, கலம் தன்னைத்தானே உண்கிறது எனலாம்.

ஈயக் கலம் இவ்வகையில் ஓரளவு நல்லது. மிதமான வெப்பத்தில் ஒரு திங்களுக்கு நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு அளவே இழக்கும். ஆனால் அதற்கு வேறொரு பெருங்குறை உண்டு. மின்சாரம் தீர்ந்த நிலையில் அதை வாரக்கணக்கில் விட்டுவிட்டால், தகடுகளின்மேல் ஈய சல்பேட் என்னும் பொருள் கடினப் படிகங்களாக இறுகிவிடும். இறுகியபின் எவ்வளவு மின்னேற்றினாலும் முன்போல் கரையாது. கலம் மடிந்துபோகும். அன்றியும் ஈயம் மிகுந்த எடையுடையது. அமிலமோ துணியையும் இரும்பையும் அரிப்பது.

எடிசன் இக்குறைகளைக் கண்டு பொறுத்திருக்கவில்லை. அமிலத்திற்கு மாறாகக் காரநீரையும், ஈயத்திற்கு மாறாக வேறு உலோகத்தையும் கொண்டு ஒரு சேமக்கலம் செய்ய இயலும் என்று அவர் நம்பினார்.

பத்தாண்டு உழைப்பு

1899ஆம் ஆண்டளவில் எடிசன் இவ்வேலையைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்திரண்டு. சற்று முன்னர்தான் தரம் குறைந்த இரும்புத் தாதுவைப் பிரித்தெடுக்கும் தொழிலில் பெரும் செல்வத்தை இழந்திருந்தார். வேறொருவராயின் ஓய்ந்திருப்பர். எடிசனோ புதிய வேலையில் இறங்கினார்.

அந்நாளில் அமெரிக்கத் தெருக்களில் மின்சாரத்தால் ஓடும் வண்டிகள் பல இருந்தன. புகையின்றி, ஓசையின்றி ஓடிய அவ்வண்டிகளுக்கு எடை குறைந்த, நெடுநாள் உழைக்கும் சேமக்கலம் கிடைத்துவிட்டால் உலகமே அவற்றில் செல்லும் என்று அவர் எண்ணினார். அவரும் துணைவர்களும் ஆயிரக்கணக்கான சோதனைகளைச் செய்தனர். உலோகங்களை மாற்றி மாற்றிக் காரநீரில் இட்டுப் பார்த்தனர். முடிவில் ஒரு புறம் இரும்பும், மறுபுறம் நிக்கல் சேர்மமும், இடையே பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்னும் காரநீரும் கொண்ட கலம் உருவாயிற்று. அதன் புறப்பெட்டியும் எஃகினால் ஆனது. இதே காலத்தில் சுவீடன் நாட்டு அறிஞர் வால்டெமார் யுங்னர் என்பவரும் நிக்கல், காட்மியம், இரும்பு ஆகியவற்றைக் கொண்டு இத்தகைய கலங்களைத் தனியே ஆய்ந்து வந்தார் என்பதையும் நாம் நினைவிற் கொள்ள வேண்டும்.

1901இல் எடிசன் சேமக்கலக் கம்பெனி தொடங்கப்பட்டது. சில ஆண்டுகளில் கலங்கள் விற்பனைக்கும் வந்தன. எடிசனின் பெயரே போதுமானதாக இருந்ததால் மக்கள் விரும்பி வாங்கினர்.

ஆனால் விரைவிலேயே முறையீடுகள் வந்தன. சில பெட்டிகளின் ஒட்டுகள் கசிந்தன. சில கலங்கள் நாளாக ஆக மின்சாரத்தை ஏற்கும் வலிமையில் குன்றின. பல கலங்கள் நன்றாகவே உழைத்துக்கொண்டிருந்தன. ஆகவே, விற்றது விற்றதுதான் என்று வாளாவிருக்க அவருக்கு வழி இருந்தது. அவர் அவ்வாறு செய்யவில்லை. 1904ஆம் ஆண்டின் இறுதியில் உற்பத்தியை நிறுத்தினார். குறையுள்ள கலங்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். மீண்டும் ஆய்வுக்கூடத்தினுள் புகுந்தார்.

அடுத்த ஐந்தாண்டுகள் எளியவை அல்ல. நிக்கல் சேர்மம் தானே மின்சாரத்தை எளிதில் கடத்தாது. ஆகவே முதலில் அதனுடன் கரியைக் கலந்திருந்தார். அந்தக் கரி மெல்ல மெல்லக் கெட்டதே வலிமைக் குறைவிற்கு ஒரு காரணம் எனக் கண்டறிந்தார். கரியை நீக்கி, மிக மெல்லிய நிக்கல் தகட்டுத் துணுக்குகளைச் செய்து, சிறு துளைகள் இட்ட எஃகுக் குழாய்களில் ஓர் அடுக்கு சேர்மம், ஓர் அடுக்கு நிக்கல் துணுக்கு என நூற்றுக்கணக்கான அடுக்குகளாக அழுத்தி வைத்தார். காரநீரில் சிறிதளவு லித்தியம் ஹைட்ராக்சைடு சேர்த்தால் கலத்தின் வலிமை கூடுவதையும் கண்டார். செய்த கலங்களை வண்டிகளில் ஏற்றிக் கரடுமுரடான பாதைகளில் ஓட்டினர். ஒரு பொறியில் பொருத்தி இலட்சக்கணக்கான முறை தூக்கித் தூக்கிப் போட்டனர். இவ்வளவிற்கும் பின்னரே, 1909ஆம் ஆண்டில் திருத்திய கலம் சந்தைக்கு வந்தது.

இருப்பில் வைத்தால் என்னவாகும்?

இனி நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினாக்களுக்கு வருவோம். ஒரு சேமக்கலத்தை நெடுநாள் இருப்பில் வைக்கும்போது இரண்டு செய்திகளைப் பிரித்து அறிய வேண்டும். ஒன்று, அதனுள் வைத்த மின்சாரம் நிலைக்குமா என்பது. மற்றொன்று, அந்தக் கலம் கெடாமல் நிலைக்குமா என்பது. இரண்டும் ஒன்றே எனப் பலர் மயங்குகின்றனர். எடிசனின் இரும்புக் கலமே இவ்விரண்டும் வேறு என்பதைத் தெளிவாகக் காட்டுகிறது.

முதல் வினாவில் இரும்புக் கலம் தோற்றது. முழுதாக மின்னேற்றி வைத்தாலும் ஒரு நாளைக்கு நூற்றில் ஒரு பங்கு போலக் கரைந்து, ஒரு திங்களில் நூற்றுக்கு இருபது முதல் முப்பது பங்கு வரை குறைந்துவிடும். இரும்பு காரநீரில் மெல்ல அரிக்கப்பட்டு ஹைட்ரஜன் வாயுவை வெளியிடுவதே இதற்குக் காரணம். இவ்வகையில் ஈயக் கலம் இதனினும் மேலானது.

இரண்டாம் வினாவில் இரும்புக் கலத்திற்கு இணை அரிது. முற்றிலும் மின்சாரம் தீர்ந்த நிலையில் மாதக்கணக்காக, ஆண்டுக்கணக்காகக்கூட விட்டுவிடலாம். அளவுக்கு மிஞ்சி மின்னேற்றினாலும் பொறுத்துக்கொள்ளும். காரநீரைப் புதுப்பித்து, முறையாகச் சில முறை மின்னேற்றினால் பழைய கலம் மீண்டும் உழைக்கும். பல பத்தாண்டுகள் உழைத்த இரும்புக் கலங்கள் உண்டு.

இந்த ஹைட்ரஜன் வாயுவே ஒரு பெருந்துயரத்திற்கும் வழிவகுத்தது. 1916ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், நியூயார்க் கப்பல் தளத்தில் நின்றிருந்த அமெரிக்கக் கடற்படையின் இ-2 என்னும் நீர்மூழ்கிக் கப்பலில் எடிசன் கலங்கள் பொருத்தப்பட்டிருந்தன. மூடிய கப்பலினுள் தேங்கிய ஹைட்ரஜன் தீப்பற்றி வெடித்தது. சிலர் உயிர் துறந்தனர். ஈயக் கலமாயினும் இரும்புக் கலமாயினும் மின்னேற்றும்போது இந்த வாயு எழும். அறைக்குள் அடைத்துவைத்து மின்னேற்றலாகாது என்று பெரியோர் சொல்வது வெற்றுப் பேச்சன்று.

சுரங்கத்திலும் தோட்டத்திலும்

எடிசன் எதிர்பார்த்தவாறு அவருடைய கலம் மோட்டார் வண்டி உலகை ஆளவில்லை. அவருடைய நண்பரான ஹென்றி ஃபோர்டு 1908இல் வெளியிட்ட மலிவான பெட்ரோல் வண்டி நாடெங்கும் பரவியது. 1912இல் கையால் சுழற்றாமல் மின்சாரத்தால் வண்டியை உயிர்ப்பிக்கும் முறையும் வந்தது. அதற்கு ஒரு நொடியில் பெரும் மின்னோட்டம் தேவை. அவ்வாறு திடீரெனக் கொட்டித் தருவதில் ஈயக் கலமே வல்லது. இரும்புக் கலம் நிதானமாகத் தருவது. குளிரில் மேலும் தளர்வது. ஆகவே இன்றளவும் பெட்ரோல் வண்டிகள் பெரும்பாலும் ஈயக் கலத்தையே கொண்டுள்ளன.

ஆயினும் எடிசனின் உழைப்பு வீண்போகவில்லை. இரயில் பாதைச் சைகை விளக்குகள், இரயில் பெட்டிகளின் விளக்குகள், சரக்கு ஏற்றும் வண்டிகள் முதலியவற்றில் அவர் கலம் இடம்பெற்றது. எல்லாவற்றினும் மேலாக, சுரங்கத் தொழிலாளரின் உயிரைக் காத்தது. அந்நாளில் நிலக்கரிச் சுரங்கங்களில் தலையில் எரிந்த விளக்கு தீச்சுடர் விளக்கு. சுரங்கத்தில் கசியும் வாயுவில் அச்சுடர் பட்டதும் வெடித்து, எண்ணற்றோர் மாண்டனர். 1914ஆம் ஆண்டளவில், இடுப்பில் கட்டும் சிறு சேமக்கலமும் தொப்பியில் பொருத்தும் மின்விளக்கும் கொண்ட பாதுகாப்பு விளக்கு எடிசனின் ஆய்வுக்கூடத்தில் உருவாயிற்று. ஒரு முறை மின்னேற்றினால் ஏறத்தாழ பன்னிரண்டு மணி நேரம் எரியும். வேலை முடிந்ததும் அதைச் சட்டத்தில் மாட்டி மீண்டும் மின்னேற்றி, மறுநாள் எடுத்துச் செல்வர். நாள்தோறும் மின்னேற்றும் இடத்தில், சும்மா இருக்கையில் கரையும் அதன் குறை தலைகாட்டவே இல்லை.

நம் மக்களுக்கு இவ்விளக்கு அயலானது அன்று. ரப்பர் மரத்தில் பால் நன்கு ஒழுகுவது குளிர்ந்த வேளையில்தான். ஆதலால் நம் பாட்டன்மாரும் பாட்டிமாரும் விடியுமுன்னரே பால் மரம் வெட்டச் சென்றனர். முன்னாளில் அவர்களின் நெற்றியில் எரிந்தது கார்பைட் விளக்கு. பின்னாளில் பேட்டரி விளக்கு வந்தது. நம் புக்கிட் மெர்தாஜாமைச் சூழ்ந்திருந்த ரப்பர்த் தோட்டங்கள் பல இன்று செம்பனைத் தோட்டங்களாகவும், குடியிருப்புகளாகவும், தொழிற்பேட்டைகளாகவும் மாறிவிட்டன. ஆயினும் அந்த இருளில் பாம்பையும் பள்ளத்தையும் காட்டி வழிநடத்திய சிறு விளக்கின் அருமையை அறிந்த பெரியோர் இன்னும் நம்மிடையே உள்ளனர். அவர்களிடம் மாணவர்கள் கேட்டறிய வேண்டும்.

இறுதிக் காலம்

1914ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் வெஸ்ட் ஆரஞ்சிலிருந்த எடிசனின் தொழிற்கூடங்கள் பல பெருந்தீயில் எரிந்தன. அப்போது அவருக்கு வயது அறுபத்தேழு. எரிந்தவற்றை மீண்டும் கட்டும் வேலையை அவர் உடனே தொடங்கிவிட்டார். தம் பெயரில் 1,093 அமெரிக்கக் காப்புரிமைகளைப் பெற்ற அவர், முதுமையிலும் ஆய்வை விடவில்லை. 1931ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 18ஆம் நாள், தம் எண்பத்து நான்காம் அகவையில் இவ்வுலக வாழ்வை நீத்தார். அவர் அடக்கம் செய்யப்பட்ட நாளின் இரவில், அமெரிக்க மக்கள் சற்றுநேரம் மின்விளக்குகளை அணைத்து அஞ்சலி செலுத்தினர்.

அவர் தொடங்கிய சேமக்கலத் தொழில் அவருக்குப் பின்னும் நீடித்தது. 1972இல் அது வேறொரு கம்பெனியின் கைக்கு மாறியது. 1975இல் அங்கே இரும்புக் கலம் செய்வது நின்றது. எனினும் வேறு சில நாடுகளில் அக்கலம் இன்றும் செய்யப்படுகிறது. கதிரொளியால் மின்சாரம் பெறும் சில வீடுகளில் அது பணி செய்கிறது.

நம்மவரின் பங்கு

சேமக்கல ஆய்வில் தமிழ் மண்ணிற்கும் பங்கு உண்டு. பினாங்கு தண்ணீர்மலைக் கோயிலையும் தைப்பூச வெள்ளி இரதத்தையும் அறிந்த நாம், அவற்றைப் போற்றிவரும் நகரத்தார் சமூகத்தையும் அறிவோம். அச்சமூகத்தில் தோன்றிய வள்ளல் அழகப்பச் செட்டியார், தமிழகத்தின் காரைக்குடியில் 300 ஏக்கர் நிலத்தையும் 15 இலட்சம் ரூபாயையும் மின்வேதியியல் ஆய்வு நிலையம் ஒன்றிற்காக வழங்கினார். 1948ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 25ஆம் நாள் பிரதமர் நேரு அதற்கு அடிக்கல் நாட்டினார். 1953ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் நிலையம் திறந்து வைக்கப்பட்டது. மின்கலங்களும் சேமக்கலங்களும் இன்றும் அங்கே ஆராயப்படுகின்றன. நம் மாணவருள் ஒருவர் நாளை அத்தகைய ஆய்வுக்கூடத்தில் அமர்வாராயின், அதுவே இப்பள்ளி பெறும் பெருமை.

வீட்டில் நாம் செய்யத்தக்கவை

எடிசனின் காலத்திற்குப் பின் சேமக்கலங்கள் பல வகையாகப் பெருகியுள்ளன. ஒவ்வொன்றின் இயல்பும் வேறு. இயல்பறிந்து வைத்தால் பொருள் வீணாகாது.

மோட்டார் வண்டியின் ஈயக் கலத்தை நெடுநாள் நிறுத்தி வைப்பதாயின், முழுதும் மின்னேற்றியே வைக்க வேண்டும். மூன்று திங்களுக்கு ஒரு முறையேனும் மீண்டும் மின்னேற்ற வேண்டும். தீர்ந்த நிலையில் ஒருபோதும் விடலாகாது.

கைத்தொலைபேசியிலும் பல புதிய தலைவிளக்குகளிலும் இருப்பது லித்தியம் கலம். அது மின்சாரத்தை நன்கு காப்பது. ஒரு திங்களுக்கு நூற்றுக்கு ஓரிரு பங்கே குறையும். ஆனால் முழுதும் நிறைத்தோ முழுதும் வற்றவிட்டோ நெடுநாள் வைத்தால் அதன் வலிமை குன்றும். ஏறத்தாழப் பாதி அளவு மின்னேற்றி, குளிர்ந்த இடத்தில் வைப்பதே ஏற்றது. சில திங்களுக்கு ஒரு முறை எடுத்துப் பார்த்து, குறைந்திருப்பின் சிறிது ஏற்ற வேண்டும்.

சுவர்க் கடிகாரத்தில் இடும் வடிவில், மின்னேற்றத்தக்க நிக்கல் கலங்களும் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றுள் பழைய வகை, எடிசனின் இரும்புக் கலத்தைப் போலவே ஒரு திங்களில் நூற்றுக்கு இருபது, முப்பது பங்கு இழப்பது. 2005ஆம் ஆண்டில் ஜப்பானின் சன்யோ கம்பெனி, ஓராண்டு கழிந்தும் பெரும்பகுதி மின்சாரத்தைக் காக்கும் புதிய வகையை வெளியிட்டது. அவசர விளக்கிற்கு வாங்குவோர் இப்புதிய வகையைக் கேட்டு வாங்குவது நலம்.

எவ்வகைக் கலத்திற்கும் வெப்பமே பெரும்பகை. வெப்பம் பத்துப் பாகை கூடினால், சும்மா கரையும் வேகம் ஏறக்குறைய இரு மடங்காகும் என்பது பொதுவான கணக்கு. ஆண்டு முழுவதும் வெயில் காயும் நம் நாட்டில், தகரக் கூரையின் அடியிலும், வெயிலில் நிற்கும் வண்டியினுள்ளும், அடுப்பின் அருகிலும் கலங்களை வைத்தல் கூடாது. தரையை ஒட்டிய நிழலான, ஈரமற்ற இடமே சிறந்தது.

வெள்ளம் வரும் மழைக்காலத்திற்கு முன், வீட்டிலுள்ள கைவிளக்குகளை ஒரு நாள் குறித்து எடுத்து எரித்துப் பார்த்து மின்னேற்றி வைத்தல் நல்ல வழக்கம். உப்பிய கலத்தையும் கசிந்த கலத்தையும் பிள்ளைகள் தொடலாகாது. பெற்றோரிடம் உடனே காட்ட வேண்டும். எக்கலத்தையும் உடைத்துப் பார்ப்பதும் நெருப்பில் இடுவதும் பெருங்கேடு.

நாம் பெறும் பாடம்

எடிசனின் கலம் வைத்ததை நெடுநாள் காக்கவில்லை. ஆனால் வற்றிக் கிடந்தபின்னும் மீண்டும் நிறைத்துக்கொள்ளும் ஆற்றலை அது இழக்கவில்லை. அவருடைய வாழ்வும் அத்தகையதே. வேலை போயிற்று, செல்வம் போயிற்று, விற்ற பொருள் திரும்பி வந்தது, தொழிற்கூடம் எரிந்தது. ஒவ்வொரு முறையும் அவர் மீண்டும் தொடங்கினார்.

நீண்ட விடுமுறை முடிந்து வரும் மாணவர் சிலர், கற்ற வாய்பாடும் செய்யுளும் மறந்துபோயின என்று கலங்குவதுண்டு. மறந்தது மீண்டும் படித்தால் வரும். பல காரணங்களால் இளமையிலேயே படிப்பை விட்டுத் தோட்ட வேலைக்குச் சென்ற பெற்றோரும் நம்மிடையே உளர். சில மாதங்களே பள்ளி சென்ற எடிசன் கற்பதை எண்பது வயதிலும் விடவில்லை என்பதை அவர்களும் எண்ணிப் பார்க்கலாம். மாலை வேளையில் பிள்ளைகளோடு அமர்ந்து அவர்களின் பாட நூலை ஒரு பக்கமேனும் வாசித்தால், அதுவே நல்ல தொடக்கம்.

மாணவச் செல்வங்களே! அடுத்த முறை கைவிளக்கை மின்னேற்றும்போது, அதன் பின்னே நின்ற உழைப்பை எண்ணுங்கள். குறையைக் கண்டபோது மறைக்காமல் திருத்திய எடிசனின் நேர்மையை நினையுங்கள். அந்நேர்மையும் உழைப்பும் நம் பள்ளியிலும் வளர்க!